ஒட்டாத கொட்டாவி

அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆறு மாடி. மனித உடம்பைத்தான் ஆராய்கிறார்கள். உடம்பு என்றதும் இதயம், மூளை என்று பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதையெல்லாம் பெரிய இடங்களில் பெரிய மனிதர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே வருவது அவர்கள் தொடாமல் விட்ட மிச்சம் மீதி. முதல் மாடியில், தண்ணீரில் ஊறினால் விரல் நுனி ஏன் சுருங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பத்துப் பதினைந்து பேர் காலை முழுக்கப் பிளாஸ்டிக் வாளியில் கைவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது மாடியில் தொப்புளில் சேரும் பஞ்சை எடுத்து எடை போடுவார்கள். மூன்றாவது மாடியில் வயதானவர்களை உட்கார்த்தி எழுப்பி, முட்டியில் கேட்கும் சடக் சத்தத்தைப் பதிவு செய்வார்கள். நான்காவது மாடியில் கொட்டாவி. ஐந்தாவது மாடியில், தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டால் ஏன் சிரிப்பு வருவதில்லை என்று இறகும் கையுமாக ஒரு கூட்டம். ஆறாவது மாடியில் நிர்வாகம். அங்கே எதையும் ஆராய்வது கிடையாது.

இந்த ஆறு மாடிக்கும் இருப்பது ஒரே ஒரு லிஃப்ட். இரும்புக் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். அதன் கதவை எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில், எந்தக் கோணத்தில் இழுத்தால் சாத்தும் என்பது உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அவர்தான் நம் லிஃப்ட்காரர். இருபத்திரண்டு வருஷமாக அதற்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாளைக்கு நூறு தடவை மேலே போய் நூறு தடவை கீழே வருகிற மனுஷனுக்குக் கொட்டாவி வராமல் என்ன செய்யும்? வந்தது. தாராளமாக வந்தது.

அதனால் வந்த வினையைக் கேளுங்கள். நான்காவது மாடியில் கொட்டாவியை ஆராயும் பேராசிரியர் அம்மாவை எல்லோரும் கொட்டாவி மேடம் என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். அவர் ஆட்களை வரவழைத்து, திரையில் யாரோ கொட்டாவி விடும் படத்தைக் காட்டி, பார்க்கிறவருக்கு அது ஒட்டுகிறதா என்று எண்ணிப் பார்ப்பார். ஆனால் வருகிற ஆட்கள், படம் போடுவதற்கு முன்பே வாயைப் பிளந்துகொண்டு வந்து நின்றார்கள். மேடம் ஏசியைச் சந்தேகப்பட்டார். டீயைச் சந்தேகப்பட்டார். நாற்காலியைக்கூட மாற்றிப் பார்த்தார். கடைசியில் அவருடைய ஆராய்ச்சி மாணவி, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அரை நாள் லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்து, உண்மையைக் கண்டுபிடித்தாள். அவளும் அன்றைக்கு முப்பத்தொரு கொட்டாவி விட்டிருந்தாள்.

மேடமே லிஃப்டுக்குள் வந்து நின்றார். லிஃப்ட்காரருக்கு வேலை போய்விட்டது என்றே தோன்றியது.

"நாலு வருஷமா நடிகர்களைக் கூட்டிட்டு வந்து கொட்டாவியைப் படம் எடுக்கிறேன். ஒருத்தனுக்கும் ஒழுங்கா ஒட்டலை. நீங்க இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றார் மேடம்.

"கீழதான் மேடம். லிஃப்ட்லதான்."

மறுநாளே அவரை ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்காரவைத்து, முகத்தில் விளக்கடித்து, விடச் சொன்னார்கள். வரவில்லை! இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வா வா என்று கூப்பிட்டும் வரவில்லை. மாணவி அவருக்கு முன்னால் வாயைத் திறந்து காட்டினாள். ஜன்னலைச் சாத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மேடம்தான் யோசனை பண்ணி, ஆறாவது மாடியிலிருந்து வந்த சுற்றறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். இரண்டாவது வரியில் வந்தது பாருங்கள், பதினோரு விநாடி நீளம். கண் மூடி, மூக்கு விடைத்து, கடைவாய்ப் பல் வரை தெரிந்து, முடிவில் ஒரு சின்ன முனகல். கேமராவைப் பிடித்திருந்தவர் கேமராவை விட்டுவிட்டுத் தானும் விட்டார்.

அந்தப் பதினோரு விநாடிப் படத்தால் நான்காவது மாடிக்கு விடிந்தது. லிஃப்ட்காரருக்கும் நடை மாறியது. மற்ற மாடிக்காரர்கள் லிஃப்டில் ஏறும்போது, "அண்ணே, விட்டுடாதீங்க, மீட்டிங் இருக்கு" என்று கும்பிட்டார்கள். அவரும் பெரிய மனசோடு வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மேடம் தரைத்தளத்தில் ஏறி நான்காவது மாடியில் இறங்குவதற்குள் சொன்ன நாலு வார்த்தைதான் மனுஷனைச் சாய்த்தது.

"உங்க படத்தை வெச்சு ஒரு நல்ல விஷயம் தெரிஞ்சிருக்கு. முன்னப் பின்ன தெரியாத ஆளுங்கன்னா பத்துல நாலு பேருக்கு ஒட்டுது. உங்ககூடப் பழகினவங்கன்னா ஏழு பேருக்கு. அதனால அடுத்ததா எல்லாரையும் அவங்கவங்க குடும்பத்தோட உக்கார வெச்சுப் பாத்தோம். பத்துக்கு ஒன்பது! மனசுல எவ்வளவு ஒட்டுதல் இருக்கோ அவ்வளவு சீக்கிரம் ஒட்டுது. பாசத்தை அளக்க இதைவிட நல்ல கருவி கிடையாது."

மேடம் இறங்கிப் போய்விட்டார். லிஃப்ட்காரர் கதவைச் சாத்த மறந்து நின்றார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனவர், செருப்பைக் கழற்றும்போதே, சும்மா விளையாட்டுக்குத்தான், மனைவியைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டார்.

மனைவி தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, கால்சட்டைக்கு நீளம் குறைப்பது என்று வருகிற வேலையைச் செய்கிறவள். தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மோவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுத்துக்கொண்டாள். "இதென்ன வாய், பஸ் ஸ்டாண்டு மாதிரி! ஈ உள்ள போயிடப் போவுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத் துணிக்குக் குனிந்தாள். அவ்வளவுதான். ஒட்டவில்லை.

சரி, ஏதோ வேலை மும்முரம் என்று அவர் விட்டுவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது இன்னொன்று. ஒட்டவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஒன்று. ஒட்டவில்லை. மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்துவந்து, மாணவி கட்டம் போடுவதைப் போலவே கட்டம் போட்டார். தேதி, நேரம், இடம், நான் விட்டது, அவள் விட்டது. இதைத்தான் நான் பைத்தியக்காரத்தனம் என்பேன். வேறு வேலை பார்க்கிற மனுஷன் யாராவது இப்படிச் செய்வானா? அந்த ஆறு மாடிக் காற்றை இருபத்திரண்டு வருஷம் சுவாசித்தவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் பூஜ்யமாக விழுந்துகொண்டே போனது. முத்து கோத்த மாதிரி இருந்தது.

மற்றவர்களிடம் சோதித்துப் பார்த்தால் அங்கே கொட்டோ கொட்டு என்று கொட்டியது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் வீடியோவில் பேசும்போது இவர் ஒன்று விட, அவள் "அப்பா, சும்மா இருங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் நின்றுபோய், திறந்த வாயோடே படம் உறைந்து கிடந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் போடுகிறவருக்கு ஒட்டியது. எதிர்வீட்டு நாய்க்கு ஒட்டியது. எல்லாவற்றுக்கும் மேல், மாடியில் குடியிருக்கும் மச்சானுக்கு ஒட்டியது. மனைவியின் தம்பிதான். தண்ணீர் மோட்டார் யார் போடுவது என்பதில் மூண்ட சண்டையில் மூன்று வருஷமாக அவன் இவர் முகத்தில் விழிப்பதில்லை. மாடிப்படியில் எதிரே வந்தவன், இவர் விட்டதைப் பார்த்து, முகத்தைத் திருப்பத் திருப்ப, கண்ணில் தண்ணீர் வர ஒன்று விட்டுவிட்டு, குற்றம் செய்தவன் மாதிரி ஓடிப்போனான். அட கடவுளே, இவனுக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆக ஊர் உலகமெல்லாம் ஒட்டுகிறது. கட்டியவளுக்கு மட்டும் ஒட்டவில்லை.

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். சண்டை சச்சரவு கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சே கிடையாது என்பதுதான் சரி. கேஸ் தீர்ந்துபோச்சு, குழாய் ஒழுகுது, இன்னைக்கு என்ன சமைக்க, மகள் போன் பண்ணினாளா. இவ்வளவுதான். இதுவரை அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று இருந்தார். இப்போது டைரியைத் திறந்தால் அந்தப் பூஜ்யங்கள் வரிசையாக அவரைப் பார்த்தன. இத்தனை வருஷம் கூடப் படுத்து எழுந்தவளுக்கு நான் யாரோதானா? பால்காரனுக்கு இருக்கிற ஒட்டுதல்கூட இல்லையா? கேட்கலாமென்றால் எப்படிக் கேட்பது? "என்மேல உனக்குப் பிரியம் இருக்கா" என்று ஐம்பத்து நாலு வயசில் ஒருத்தன் போய் நின்றால், தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் கைவைத்துச் சூடு பார்க்க மாட்டாளா?

மேடத்திடம் கேட்டார். தன்னைப் பற்றி என்று சொல்லவில்லை.

"மேடம், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். அவர் சம்சாரத்துக்கு மட்டும் ஒட்ட மாட்டேங்குதாம். அப்படி இருக்குமா?"

மேடத்துக்கு அவசரம். "இருக்கும். நூத்துக்கு ஒண்ணு ரெண்டு அப்படி வரும். அந்த மாதிரி ஆளுங்களை நாங்க கணக்குல இருந்து எடுத்துடுவோம்."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு என்ன? அவ்வளவுதான்." இரண்டாவது மாடியைத் தாண்டும்போது மேடத்துக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. "அவர் முறையா செஞ்சாராமா? வேலை நடுவுல விட்டா ஒட்டாது. மத்தியானம் மூணு மணி, சாப்பிட்டு முடிச்ச நேரம், எதிரெதிரா உக்காரணும். குறுக்க எதுவும் இருக்கக் கூடாது. மூணு நிமிஷம் கண்ணைப் பாக்கணும். அப்படியும் ஒட்டலைன்னா ஒட்டலைதான்."

அப்படியும் ஒட்டவில்லையென்றால் ஒட்டவில்லைதான். அந்த வாக்கியம் அந்த வாரம் முழுக்க அவரோடு லிஃப்டில் ஏறி இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதுவரை டைரியில் நாற்பத்து மூன்று கொட்டாவி, நாற்பத்து மூன்று பூஜ்யம். சாப்பாடு முடிந்ததும் அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டார். டிவியின் பிளக்கைப் பிடுங்கினார். தையல் மெஷின்மேல் துணியைப் போட்டு மூடினார். தரையில் கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். இரண்டு நாற்காலியை எதிரெதிராக, முட்டி இடிக்காத தூரத்தில் போட்டார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டே சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தாள்.

"என்னங்க இது, யாராவது வர்றாங்களா?"

"யாரும் வரல. வா, இப்படி உக்காரு. மூணு நிமிஷம்."

"எதுக்கு?"

"சும்மா என்னைப் பாரு."

"உங்களையா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "உங்களைத்தான் இருபத்தேழு வருஷமாப் பாக்கறேனே."

உட்கார்ந்தாள். அவர் மூச்சை உள்ளே இழுத்து, தன் ஆயுளின் மிக உயர்ந்த கொட்டாவி ஒன்றை விட்டார். அவள் உடனே மோவாய்க்கு அடியில் முஷ்டியை வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, அவருக்குப் பின்னாலிருந்த காலண்டரைப் பார்த்தாள். இன்னொன்று விட்டார். முஷ்டி இன்னும் இறுகியது. சுவருக்கு முன்னால் உட்கார்ந்து வித்தை காட்டுவது போல இருந்தது அவருக்கு. ஒரு நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷமும் போனது. தலையால் தண்ணீர் குடித்தாலும் நடக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது, அந்த வயசுக்கு.

குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது என்று மேடம் சொன்னாரே. குறுக்கே இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

"கையை எடு."

"வேணாங்க."

"எடேன்."

அவள் எடுக்கவில்லை. அவரே குனிந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் மடிப் பக்கம் இழுத்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் சொரசொரவென்று இருந்தது. அவள் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கடைசியாக அவர் எப்போது இந்தக் கையைப் பிடித்தார் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

"என்னாச்சு உங்களுக்கு?" என்றாள். "மூணு வாரமா நானும் பாக்கறேன். எப்பப் பாத்தாலும் வாயைப் பொளக்கறீங்க, எதையோ எழுதறீங்க, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறீங்க. உடம்புக்கு என்ன? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? எங்கிட்ட மறைக்கறீங்களா? தம்பிகிட்டகூடச் சொல்லி அழுதேன்..."

இதற்கு அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். மூன்று வாரக் கவலையும் சரியாகத் தூங்காத அலுப்பும் மூன்று மணி வெயிலும் சேர்ந்து, கூப்பிடாமலே ஒரு கொட்டாவி வந்தது. நடிப்பில்லாத, சாதாரண, களைத்த மனுஷனின் கொட்டாவி. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் அவரிடம் இருந்தது. அவள் மூக்கு விடைத்தது, கண் சுருங்கியது, வாய் மெல்லத் திறந்தது, திறந்தது, பெரிதாகத் திறந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். கையை விட்டுவிட்டு எழுந்து குதித்தார். "வந்துடுச்சுடி! ஒட்டிடுச்சு!" பாய்ந்து போய் டைரியை எடுத்து, நாற்பத்து மூன்று பூஜ்யத்துக்கும் கீழே கொட்டை எழுத்தில் ஒன்று என்று போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார். கல்யாணத்தன்றைக்குக்கூட மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

திரும்பிப் பார்த்தார். அவள் வாய் இன்னும் திறந்துதான் இருந்தது.

"போதும்மா, மூடு" என்றார் சிரித்துக்கொண்டே.

மூடவில்லை. "ஆ" என்றாள். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டு மறுபடியும் "ஆ" என்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. தாடை கழன்று முன்னால் வந்து அப்படியே பூட்டிக்கொண்டுவிட்டது. அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மோவாயைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார், லிஃப்ட் கதவைத் தள்ளுகிற மாதிரி. அவள் வலி தாங்காமல் அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"மச்சான்!" என்று மாடியைப் பார்த்து அலறினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

மச்சான் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தான். "ஐயோ அக்கா! என்ன பண்ணீங்க மாமா?"

"கொட்டாவி விட வெச்சேன்டா."

"எதுக்கு?"

அவர் போனை எடுத்து வண்டிக்குச் சொன்னார்.

வாடகைக் கார் வந்தது. அவள் மோவாயில் துண்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்தார். வாயைத் திறந்து ஒன்று விட்டார். அதைப் பார்த்து மச்சான் விட்டான். அழுதுகொண்டே விட்டான். "முன்னாடி பாத்து ஓட்டுங்க சார்" என்று சொல்ல வந்த லிஃப்ட்காரர், சொல்வதற்குள் தானும் விட்டார். அவள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எழுத மாட்டேன்.

மருத்துவமனையில் நிலைமை அதைவிட மோசம். அவசரப் பிரிவு வாசலில் நீள நீளமான பெஞ்சில் இருபது பேர் காத்திருந்தார்கள். காலில் கட்டுப் போட்டவர், இருமுகிற பெரியவர், குழந்தையைத் தோளில் போட்ட பெண். முன் பெஞ்சில் திறந்த வாயோடு இவள். ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு, பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு, அது பரவிக்கொண்டே போனது. சீட்டு எழுதிய நர்ஸ், "பேரு... ஆஆ... வயசு?" என்றாள். தோளில் கிடந்த குழந்தைகூட விட்டது. இவ்வளவு பேருக்குத் தொற்றவைத்துவிட்டு அவள் மட்டும் வாயை மூட முடியாமல், எச்சிலைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தில் காது மடலெல்லாம் சிவந்திருந்தது. லிஃப்ட்காரர் எழுந்து அவளுக்கு முன்னால் போய், தன் உடம்பால் அவளை மறைத்தபடி நின்றார். அதைத் தவிர வேறு எதுவும் செய்ய அவருக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிஷம் அப்படியே நின்றார்.

டாக்டர் சின்னப் பெண். இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றிக்கொண்டு, அவள் வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பல்மேல் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். க்ளுக் என்றது. வாய் மூடிக்கொண்டது. அவ்வளவு அழகாக மூடிய வாயை லிஃப்ட்காரர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பிறகு மோவாயிலிருந்து உச்சந்தலை வரை கட்டுப் போட்டார்கள்.

"ஒரு வாரம் பேசக் கூடாது, கெட்டியா எதுவும் சாப்பிடக் கூடாது" என்ற டாக்டர், தாடையைத் தொட்டுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இது முதல் தடவை மாதிரி தெரியலையே. இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?"

அவள் நாலு விரலைக் காட்டினாள்.

"இன்னைக்கு ஆனதையும் சேர்த்தா?"

இல்லையென்று கையை ஆட்டினாள்.

"அப்பல்லாம் யார் போட்டு விட்டாங்க?"

அவள் தன்னைக் காட்டினாள். தன் இரண்டு கட்டைவிரலையும் தூக்கி, வாய்ப் பக்கம் கொண்டுபோய் அழுத்துவது போலச் செய்து காட்டினாள். துண்டைச் சுற்றிக்கொள்வதையும் காட்டினாள். சட்டைக்குப் பட்டன் தைப்பதைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகக் காட்டினாள்.

டாக்டர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். "நீங்க வீட்டுல இல்லையா?"

"இருந்திருப்பேன்" என்றார் அவர். "எனக்குத் தெரியாது டாக்டர்."

"சரி, இனிமே கவனமா இருக்கணும். கொட்டாவி வந்தா அடக்கணும். பக்கத்துல யாராவது விட்டா உங்களுக்கும் வரும், அப்ப முஷ்டியை மோவாய்க்கு அடியில இறுக்கி முட்டுக் கொடுத்துப் பல்லைக் கடிச்சுக்கணும். இப்படி..." என்று செய்து காட்ட ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவள் ஏற்கெனவே அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் அந்த முஷ்டியைப் பார்த்தார். ஒன்றுவிடாமல் எல்லாமே ஒட்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றும்போது விட்டது, சாப்பிடும்போது விட்டது, பல் தேய்க்கும்போது விட்டது, நாற்பத்து மூன்றும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் அவள் தாடையில் வாங்கி, வலியோடு கடித்து விழுங்கியிருக்கிறாள். இவர் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறார்.

மருந்து வாங்கும் ஜன்னலுக்கு முன்னால் வரிசை இருந்தது. மச்சான் வரிசையில் நின்றான். இவர்கள் இரண்டு பேரும் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்:

"நாலு தடவை. ஒரு தடவையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன அந்நியனா?"

உண்மையிலேயே அவருக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆற்றாமையில் வருகிற கோபம். அவள் அவரை ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். கட்டுக்குள்ளிருந்து பேச முடியாது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். கையிலிருந்த மருந்துச் சீட்டைத் திருப்பி முழங்காலில் வைத்து, தையல் அளவு குறிக்கிற அதே பொடி எழுத்தில் எழுதினாள். எழுதி அவரிடம் நீட்டினாள்.

'முதல் தடவை உங்ககிட்டதான் ஓடி வந்தேன். வாயைக் காட்டி முன்னாடி நின்னேன். நீங்க பேப்பர்ல இருந்து நிமிர்ந்து பாத்தீங்க. தூக்கம் வந்தா போய்ப் படுன்னு சொன்னீங்க. போய்ப் படுத்துக்கிட்டேன்.'

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். எந்த வருஷம், எந்த வேளை, அன்றைக்குப் பேப்பரில் என்னதான் படித்துக்கொண்டிருந்தோம் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. ஜன்னலில் மருந்துச் சீட்டைக் கேட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அவள்தான் அவர் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.